முதல் ஆயிரம்

நுழையும்முன்

பன்னிரண்டாம் வகுப்பு வரை பெரும்பாலான மாணவர்களின் கையில் தங்குவது பேருந்துக் கட்டணமும் சிற்றுண்டிச் செலவும் மட்டுமே. கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் அந்நிலை மாறிவிடுகிறது. உதவித்தொகை, விடுதிக் கட்டணம், கல்விக்கடன், பகுதிநேர ஊதியம் எனப் பல பெயர்களில் பணம் அவர்கள் பெயரிலேயே வரவும் செலவாகவும் தொடங்குகிறது. அந்தப் பணத்தின் கணக்கை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

கணக்கில் சேரும் தொகை

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் இவ்வுதவி உண்டு. புதுமைப்பெண் திட்டத்திற்கு முன்வரலாறு ஒன்று இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியுதவி அளித்துவந்த திட்டமே உயர்கல்விக்கான திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. மணமேடைக்கு ஒருமுறை வழங்கப்பட்ட தொகை, படிப்பு முடியும்வரை மாதந்தோறும் மாணவியின் சொந்த வங்கிக்கணக்கில் சேரும் தொகையாயிற்று.

பல குடும்பங்களில் பதினெட்டு வயதுப் பெண்ணின் பெயரில் மாதந்தோறும் தவறாமல் வரும் முதல் தொகை இதுதான். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இது 36,000 ரூபாய். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் 48,000 ரூபாய். சிற்றூரிலிருந்து நாள்தோறும் நகரக் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவர் ஒருவருக்குத் தேர்வுக் கட்டணம், நகலெடுக்கும் செலவு, ஆய்வக ஏடுகள், கைபேசிக் கட்டணம், நண்பர்களுடன் தேநீர் ஆகிய யாவும் இதற்குள் அடங்கவேண்டும். இத்தகைய தொகையிலிருந்து சேமிப்பதா என்ற ஐயம் எழுவது இயல்பே.

சிக்கனத்தைப் பற்றி இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவோர் முதலில் குறைசொல்வது அவர்களுடைய தேநீரைத்தான். நாளுக்கு 25 ரூபாய் என மாதத்தில் 25 நாள்களுக்குத் தேநீருக்கும் வடைக்கும் செலவிட்டால் 625 ரூபாய் ஆகிறது என்று அவர்கள் கணக்குக் காட்டுவர். கணக்கு சரியே. ஆயினும் வகுப்பறையில் கற்றதைவிடக் கூடுதலாகத் தேநீர்க்கடை வாசலில் கற்றவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அச்செலவு வீண் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. தெரிந்து செலவிடும் 25 ரூபாய் எவரையும் கடனாளி ஆக்குவதில்லை. கவனிக்கவேண்டியவை, செலவு என்று தெரியாமலேயே கரைந்துபோகும் தொகைகள். ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டு மறந்துபோன திரைப்படச் செயலியின் மாதக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் வங்கி கழித்துக்கொண்ட அபராதம், தாமதமாகக் கட்டிய தேர்வுக் கட்டணத்தின் மேற்கட்டணம் ஆகியன அத்தகையவை. இவற்றைக் கண்டறிவதற்கு அறிவுரை உதவாது. ஒரு மாதச் செலவை நாள்தவறாமல் எழுதிவைத்த குறிப்பேடு உதவும். முப்பதாம் நாளில் அக்குறிப்பேட்டைப் படிப்பவர் பெரும்பாலும் வியப்படைகிறார். தாம் எண்ணியிருந்த இடத்தில் பணம் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

பிடியரிசி

தமிழகத்துச் சமையலறைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவிட்டு மீதியைத்தான் சமைப்பார்கள். அவ்வரிசி கோயிலுக்கோ அறச்செயலுக்கோ போகும். சில வீடுகளில் பஞ்ச மாதத்திற்கான கையிருப்பாகவும் நிற்கும். இவ்வழக்கத்தின் நுட்பம் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. உண்டபின் மிஞ்சிய சோற்றிலிருந்து எவரும் பிடியரிசி எடுப்பதில்லை. மிச்சத்தை எதிர்பார்த்திருந்தால் கலம் ஒருநாளும் நிறைந்திருக்காது.

சேமிப்பில் தோற்போரில் பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் பிழை செய்கின்றனர். மாத இறுதியில் மீதமிருப்பதைச் சேமிக்கலாம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். மாத இறுதியில் மீதம் எதுவும் இருப்பதில்லை. தொகை கணக்கிற்கு வந்த மறுநாளே 300 ரூபாய் தொடர்வைப்புக் கணக்கிற்குத் தானாகச் செல்லுமாறு வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், எஞ்சிய 700 ரூபாயே அம்மாதத்தின் வரவு என்று மனம் பழகிக்கொள்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று கொண்டால், மூன்றாண்டு முடிவில் கட்டிய 10,800 ரூபாய் ஏறத்தாழ 11,800 ரூபாயாக நிற்கும். இது பெருஞ்செல்வம் அன்று. ஆனால் பட்டம் பெற்ற கையோடு வேறு ஊருக்கு நேர்காணலுக்குச் செல்லவும், முதல் மாத ஊதியம் வரும்வரை விடுதியில் தங்கவும் இத்தொகை போதும். இது இல்லாதவர், இதே செலவுக்காக யாரிடம் போய் நிற்கிறார் என்பதில்தான் அடுத்த சில ஆண்டுகளின் போக்கு அடங்கியிருக்கிறது.

சிறுகச் சிறுகப் பெண்கள் சேர்த்துவைத்த பணத்திற்குச் சிறுவாடு என்று பெயர். பால் விற்ற காசு, கோழி முட்டை விற்ற காசு, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசு ஆகியன அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப்பெட்டிக்குள்ளும் புடவை மடிப்புகளுக்குள்ளும் ஓசையின்றிச் சேரும். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமாகவும் நோயுற்ற நாளில் மருந்தாகவும் அது வெளிப்படும். குடும்பங்கள் பலவற்றைத் தாங்கிய இவ்வழக்கத்தின் குறையும் ஒருநாள் வெளிப்பட்டது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் எவருக்கும் தெரியாமல் காத்த சிறுவாட்டுப் பணத்தைப் பெண்கள் வெளியே எடுத்து, வீட்டாரிடம் தந்து மாற்றித்தரக் கேட்க நேர்ந்தது. சேமிக்கும் திறமை அவர்களிடம் குறைவாக இல்லை. குறைவாக இருந்தது அவர்கள் பெயரிலான கணக்கு.

அக்குறை இன்று நீங்கியிருக்கிறது. பத்து வயது நிறைந்த சிறார் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்குவதற்கு வங்கிகள் இடமளிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது. ஆகவே பதினொன்றாம் வகுப்பு மாணவர், கல்லூரியில் சேரும்வரை காத்திராமல் தம் கணக்கை இப்போதே இயக்கிப் பழகலாம். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. கணக்கு தொடங்கும்போது அதனைப் பெயர்சொல்லிக் கேட்பது நன்று.

தெரிந்து தெளிவோம்

உண்டியல் என்ற சொல் இன்று கோயில் காணிக்கைப் பெட்டியையும் சிறுவர் காசு சேர்க்கும் மண்கலத்தையும் குறிக்கிறது. வணிக வழக்கில் அதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. ஓர் ஊரில் பணம் செலுத்தியவர் வேறோர் ஊரில் அதனைப் பெற்றுக்கொள்ள உதவும் எழுத்துச்சீட்டும் உண்டியலே. பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் தொழில்செய்த நகரத்தார் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். நகரத்தார் இல்லங்களில் மணமான மகனை ஒரே வீட்டிற்குள் தனிச்சமையல் வைக்கச்செய்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று வரையறுத்த பொருள்களைக் கொடுத்து, அதற்குள் குடும்பம் நடத்தப் பழக்கும் வழக்கமும் இருந்தது. அதற்கு வேறுவைத்தல் என்று பெயர்.

மூன்று வட்டி, ஒன்பது விழுக்காடு

எளிய வினா ஒன்று. ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் தருவதாகக் கூறுகிறார். வங்கி ஒன்பது விழுக்காட்டு வட்டிக்குத் தருவதாகக் கூறுகிறது. எது குறைவு? விரைந்து விடை கூறுவோர் மூன்றுதான் குறைவு என்பர். கடைத்தெரு வழக்கில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்று பொருள். வங்கி கூறும் ஒன்பது, நூறு ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு ஒன்பது ரூபாய். மூன்று வட்டியை ஆண்டுக்கு மாற்றினால் 36 விழுக்காடு. வங்கி வட்டியைப்போல் நான்கு மடங்கு. பத்து வட்டி ஆண்டுக்கு 120 விழுக்காடு. நாள்தோறும் தண்டல் கட்டும் கடன்களில் இக்கணக்கு இன்னும் மறைவாக இருக்கும். சொல்லில் சிறியதாகத் தோன்றும் எண் பணத்தில் பெரியதாக இருப்பது இவ்வாறுதான். கடன் கொடுப்பவர் காலத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறார். வாங்குபவர் காலத்தைக் கேட்க மறக்கிறார்.

காலத்தையும் வட்டியையும் இணைக்கும் ஒரு மனக்கணக்கு உண்டு. 72 என்ற எண்ணை வட்டி விழுக்காட்டால் வகுத்தால், வட்டியும் அசலோடு சேர்ந்து வளரும் தொகை எவ்வளவு காலத்தில் இரு மடங்காகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காட்டில் வங்கியில் இட்ட பணம் இரு மடங்காக 12 ஆண்டுகள் ஆகும். மாதத்திற்கு 3 விழுக்காடு என்ற மூன்று வட்டிக் கடனைக் கட்டாமல் விட்டால் 24 மாதங்களில் இரு மடங்காகிவிடும். சேமிப்புக்கும் கடனுக்கும் கணக்கு ஒன்றே. ஒன்றில் காலம் பணம் வைத்திருப்பவருக்காக உழைக்கிறது. மற்றொன்றில் அவருக்கு எதிராக, ஆறு மடங்கு விரைவாக உழைக்கிறது. எனவே கையில் சிறிது பணம் இருந்து, அதிக வட்டிக் கடனும் இருந்தால், கடனை அடைப்பதே முதல் சேமிப்பு.

மிகைவட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்கள் அச்சட்டத்தின் ஆங்கில வடிவத்திலும் அவ்வாறே, மொழிபெயர்க்கப்படாமல் இடம்பெற்றுள்ளன. இக்கடன்களால் இம்மண்ணின் மக்கள் எவ்வளவு துன்புற்றிருந்தால் அச்சொற்கள் அப்படியே சட்டத்திற்குள் நுழைந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

ஏழு நாள் கடன்

அன்று கந்துவட்டிக்காரரைத் தேடிக் கடைத்தெருவிற்குச் செல்லவேண்டியிருந்தது. இன்று அவர் திறன்பேசிக்குள்ளேயே வந்துவிடுகிறார். தேர்வுக் கட்டணத்திற்கு மறுநாள் கடைசி நாள். வீட்டில் கேட்கத் தயக்கம். ஐந்து நிமிடத்தில் கடன் என்னும் விளம்பரம் திரையில் ஒளிர்கிறது. பிணை வேண்டாம், கையொப்பம் வேண்டாம், அடையாள அட்டையின் படமும் தம் முகத்தின் படமும் போதும். இவ்வாறு 5,000 ரூபாய்க் கடன் கேட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோமானால் அவர் கணக்கில் வந்து சேர்வது 3,500 ரூபாய் மட்டுமே. சேவைக் கட்டணம் என்று 1,500 ரூபாய் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்பட்டது. ஏழாம் நாள் 5,000 ரூபாயையும் திருப்பித் தரவேண்டும்.

கையில் பெற்ற 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 ரூபாய் என்றால் வாரத்திற்கு ஏறத்தாழ 43 விழுக்காடு. வட்டிக்கு வட்டி சேர்க்காமல் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 2,200 விழுக்காட்டைத் தாண்டும். மூன்று வட்டிக்காரர்கூட இதனைக் கேட்டால் திகைப்பார். ஏழாம் நாள் பணம் இல்லாதபோது அதே கும்பல் நடத்தும் மற்றொரு செயலியின் பெயர் பரிந்துரைக்கப்படுகிறது. முதல் கடனை அடைக்க இரண்டாம் கடன், அதனை அடைக்க மூன்றாம் கடன் என்று தொடர் நீள்கிறது. செயலியை நிறுவும்போது தொடர்புப் பட்டியலையும் நிழற்படங்களையும் பார்க்க அளித்த இசைவு அப்போதுதான் தன் உருவத்தைக் காட்டுகிறது. உறவினருக்கும் ஆசிரியருக்கும் நண்பருக்கும் இழிவான செய்திகள் செல்கின்றன. உருமாற்றப்பட்ட படங்கள் பரப்பப்படுகின்றன.

இத்தகைய கடன்களை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களில் இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளுள் 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்று தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அதன்பின் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறைகளை வெளியிட்டது. கடன்தொகை இடைத்தரகர் எவருடைய கணக்கிற்கும் செல்லாமல் நேரடியாகக் கடன் பெறுபவரின் கணக்கிற்கே செல்லவேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தச் செலவு ஆண்டு விழுக்காடாகக் கடன் பெறுமுன் எழுத்தில் தரப்படவேண்டும். தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் ஆகியவற்றைச் செயலி தொடக்கூடாது என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் ஒன்று மீறப்பட்டாலும் அச்செயலியைக் கைவிட அதுவே போதிய காரணம். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி, கடனைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டத்தை நம்பவில்லை. கடன் பெற்றவரின் அச்சத்தை நம்புகிறது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர் செய்யவேண்டியவை வேறு. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணில் முறையிடவேண்டும். வீட்டாரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ உடனே கூறிவிடவேண்டும். இம்மிரட்டல்கள் உயிரிழப்பு வரை சென்ற நிகழ்வுகள் உண்டு. அவ்வாறு ஆனதற்குக் கடனின் அளவு காரணமன்று. ஒருவரிடமும் சொல்ல இயலாத தனிமை காரணம். ஐயாயிரம் ரூபாய்க் கடனை எந்தக் குடும்பமும் பேசித் தீர்த்துவிட முடியும்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் விற்கப்படும் கைபேசிகளையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். ஒரு கைபேசி மாதம் 1,500 ரூபாய் வீதம் 12 தவணைகளில், மொத்தம் 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரொக்கமாகத் தந்தால் அதனையே 16,500 ரூபாய்க்குத் தருவதாகக் கடைக்காரர் கூறுகிறார். எனில் அந்த 1,500 ரூபாய்தான் வட்டி. ஆண்டுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு. கல்விக்கடனைவிட இது மிகுதி.

சீட்டும் வைப்பும்

ஊர்தோறும் நடைபெறும் ஏலச்சீட்டு கடனும் சேமிப்பும் கலந்த ஏற்பாடு. இருபது பேர் மாதம் 1,000 ரூபாய் வீதம் இருபது மாதங்கள் கட்டும் சீட்டில் ஒவ்வொரு மாதமும் 20,000 ரூபாய் திரளும். பணம் உடனே தேவைப்படுபவர் 5,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 15,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார் என்க. சீட்டு நடத்துபவர் தரகாக 1,000 ரூபாய் எடுத்துக்கொண்டால், மீதி 4,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 200 ரூபாயாகப் பகிரப்படும். அம்மாதத்தில் அவர்கள் 800 ரூபாய் கட்டினால் போதும். ஒருவருடைய அவசரம் மற்றவர்களுடைய வருவாயாகிறது. வங்கி எட்டாத காலத்தில் மக்களே வகுத்துக்கொண்ட இம்முறை அறிவார்ந்தது. ஆனால் முழுவதும் நடத்துபவரின் நேர்மையைப் பொறுத்தது. 1982ஆம் ஆண்டின் சீட்டுநிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சீட்டுகளில் நடத்துபவர் பிணைத்தொகை வைக்கவேண்டும். பதிவாளரிடம் முறையிடவும் வழியுண்டு. தெருமுனைச் சீட்டில் அவ்வழி இல்லை.

வழக்கத்திற்கு மாறான வட்டி தருவதாகக் கூறி வைப்புத்தொகை திரட்டிய நிதி நிறுவனங்கள் பல 1990களில் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஓய்வூதியர்களும் நடுத்தரக் குடும்பத்தினரும் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். அதன்பின்னரே வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997இல் வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 2012இல், ஈரோடு மாவட்டத்தில் ஈமுக்கோழி வளர்ப்பின் பெயரால் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. பண்ணையும் பறவையும் மட்டுமே புதியவை. வங்கி வைப்புகளுக்கோ 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுப் பாதுகாப்பு இருக்கிறது. எங்கும் கிடைக்காத வட்டியை ஒருவர் தருகிறார் என்றால், அவ்வட்டி முதலீட்டாளரின் அசலிலிருந்தே தரப்படுகிறதா என்று கேட்பது பண்பாட்டுக் குறைவு ஆகாது.

வாடகைக்குப் போகும் கணக்கு

கல்லூரி மாணவர்களைக் குறிவைக்கும் புதிய தீங்கு ஒன்று உண்டு. நண்பரின் நண்பர் ஒருவர் வருகிறார். தம் கணக்கில் ஏதோ சிக்கல் என்றும், சில நாள்கள் மாணவரின் வங்கிக்கணக்கைப் பயன்படுத்திக்கொள்வதாகவும், அதற்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ தருவதாகவும் கூறுகிறார். கடவுச்சொல்லும் பண அட்டையும் கணக்கோடு இணைந்த சிம் அட்டையும் கைமாறுகின்றன. வேறு மாநிலத்தில் எவரையோ ஏமாற்றிப் பறித்த பணம் அக்கணக்கில் வந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து செல்கிறது. காவல்துறை தேடிவருவது கணக்கின் பெயருக்குரியவரைத்தான். கணக்கு முடக்கப்படும், அக்கணக்கிற்கு வரும் உதவித்தொகையும் தடைப்படும், வழக்கு நிலைத்தால் அரசுப்பணிக்கான நன்னடத்தைச் சான்றே கேள்விக்குள்ளாகும். ஒன்றும் தெரியாது என்ற விடை அப்போது உதவுவதில்லை. வங்கிக்கணக்கு ஒருவருடைய கையொப்பத்திற்கு நிகரானது. கையொப்பத்தை எவரும் வாடகைக்கு விடுவதில்லை.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். யுபிஐ முறையில் இரகசிய எண்ணை இடுவது பணத்தை அனுப்புவதற்கே. பரிசு பெற எண்ணை இடுமாறு கேட்பவர் பரிசு தர வந்தவர் அல்லர்.

நான்கு லட்சமும் எழுநூற்றைம்பதும்

கடன் யாவும் தீங்கென்று கொள்வது பிழை. கல்விக்கடன் இல்லாவிடில் பொறியியல், செவிலியம், சட்டம் முதலிய படிப்புகளில் சேர இயலாதோர் மிகப் பலர். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குக் குடும்பத்தினர் முன்பணம் போடவேண்டியதில்லை. சொத்துப் பிணையும் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தபின் தவணை தொடங்குகிறது. இந்த இடைவெளியைப் பலர் வட்டியில்லாக் காலம் என்று தவறாகப் புரிந்துகொள்கின்றனர். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை இல்லை.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டுப் படிப்புக்கு 4 லட்சம் ரூபாய், 9 விழுக்காட்டுத் தனிவட்டிக்குப் பெறப்பட்டதாகக் கொள்ளலாம். தவணை தொடங்க ஐந்தாண்டுகள் ஆகும். முதலாண்டில் பெற்ற ஒரு லட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாம் ஆண்டில் பெற்றதற்கு நான்காண்டு வட்டி, அடுத்தவற்றிற்கு மூன்றாண்டும் இரண்டாண்டும். ஆக மொத்த வட்டி 1,26,000 ரூபாய். பட்டம் பெற்று வேலை தேடும் இளைஞர் 4 லட்சம் கட்டவேண்டும் என்று எண்ணி வங்கிக்குச் சென்றால், அங்கே 5,26,000 ரூபாய் நிலுவை என்று கூறுவர். பலருடைய குடும்பங்கள் அதிர்ந்து, வங்கி ஏமாற்றிவிட்டதாகவே நினைத்து, கட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. கட்டத் தவறிய கடன், கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் மாணவர் பெயரிலேயே பதிவாகிறது. பத்தாண்டுகளுக்குப்பின் அவர் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பதிவு எதிரே வந்து நிற்கும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவருவதற்கு வங்கிகள் இசைகின்றன. அவ்வாறு கட்டுவோருக்கு வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகளும் உள்ளன. முதலாண்டில் ஒரு லட்சத்திற்கு வட்டி 9,000 ரூபாய். மாதத்திற்கு 750 ரூபாய். இரண்டாம் ஆண்டில் அது 1,500 ரூபாயாகும். அப்போது முழுவதும் கட்ட இயலாதவர் இயன்றதைக் கட்டலாம். கட்டிய அளவிற்குப் பின்னாளைய சுமை குறையும். உதவித்தொகையாக வரும் ஆயிரத்தில் 750 ரூபாய் வட்டிக்குச் சென்றபின் எஞ்சுவது 250. எல்லா மாணவராலும் இவ்வாறு செய்ய இயலாது. வீட்டின் உலைக்கே அந்த ஆயிரம் தேவைப்படும் குடும்பங்களும் இருக்கின்றன. இயன்றவர் செய்வதற்கு முன்பாக, கடன் ஆவணத்தில் வட்டி எந்நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, தனிவட்டியா கூட்டுவட்டியா, வட்டி விழுக்காடு மாறக்கூடியதா என்ற மூன்றையும் மேலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். அவ்வாறு கேட்பதற்குக் கடன் பெறும் மாணவருக்கு முழு உரிமை உண்டு.

எஞ்சிய 250 ரூபாய்க்கும் இடமிருக்கிறது. அஞ்சலகத் தொடர்வைப்புக் கணக்கைத் தொடங்க மாதம் 100 ரூபாய் போதும்.